சமதரையில் கத்திய கார்

என் அக்கா அந்தோனியம்மாவின் கணவர் மத்தியாஸ் கண்ணை அவ்வளவாக நம்பமாட்டார், காதைத்தான் நம்புவார். இருபது வருடத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். மலையில் எடை போட்ட கொழுந்தை ஏற்றிக்கொண்டு பெக்டரிக்கு இறங்குவதும், வெறும் சாக்குகளோடு திரும்ப ஏறுவதும்தான் வேலை. அந்த லொறியில் வேகம் காட்டும் முள் எந்தக் காலத்திலோ செத்துப்போயிருந்தது. எஞ்சின் மூச்சு வாங்கினால் ஒரு கியர் குறைப்பார், கத்தினால் ஒரு கியர் கூட்டுவார். அவருக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான். பாதையில் வேறு யாராவது வண்டி ஓட்டிப்போனால், லயத்து வீட்டுக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "கிளட்ச கெடுக்கிறான் பாரு" என்பார். எழுந்து போய்ப் பார்க்கவெல்லாம் மாட்டார்.

நான் கொட்டகலை கடைவீதியில் போன் கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை என்பது என் எண்ணம். மச்சான் தெரிந்ததைக்கூடத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டார். அதனாலோ என்னவோ எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போகும்.

வேலையிலிருந்து நின்றதும், கைக்கு வந்த பணத்தில் நுவரெலியாவில் ஒரு மரக்கறி முதலாளியிடமிருந்து பழைய வெள்ளைக் கரோலா ஒன்றை வாங்கினார். ஓட்டோ கியர் வண்டி. கிளட்ச் இல்லாத வண்டியை அவர் அதற்கு முன் தொட்டதே இல்லை. முதல் மாதம் முழுக்க இடது கால் இல்லாத கிளட்சை மிதித்துக்கொண்டே இருந்தது. சாவியைக் கொடுக்கும்போது முதலாளி கியர் பிடியின் பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு சின்னப் பட்டனைக் காட்டினார்.

"மலையில ஓட்டும்போது இத இப்படியே விட்டுருங்க, தொடாதீங்க. எறக்கத்துல எஞ்சினே வண்டியப் புடிச்சுக்கும். பிரேக் தேயாது" என்றார்.

அந்த மனிதர் சொன்னது சரிதான். மச்சான் அதில் 'மலையில ஓட்டும்போது' என்பதை விட்டுவிட்டு, 'தொடாதீங்க' என்பதை மட்டும் மனதில் எழுதிக்கொண்டார்.

இன்னொன்றும் இருந்தது. சாவியைத் திருப்பினால், ஸ்டியரிங்குக்குப் பின்னால் முட்கள் இருக்கும் கண்ணாடிக்குள் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரியும். வண்டி ஓடி முடியும்வரை அணையாது. அக்காவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"வெளக்கு எரிஞ்சா ஏதோ கோளாறுன்னுதானேங்க அர்த்தம்?"

"வாங்கும்போதே எரிஞ்சிச்சு. அது அதோட கொணம்" என்றார் மச்சான்.

அக்கா அதோடு விடவில்லை. கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனபோது நகத்தளவு அந்தோனியார் ஸ்டிக்கர் ஒன்றை வாங்கிவந்து, சரியாக அந்த விளக்கின் மேலேயே ஒட்டினாள். "இனிமே அவரு பாத்துக்குவாரு" என்றாள். அந்தோனியாரும் தலையைச் சுற்றி லேசான மஞ்சள் ஒளியோடு அழகாகத்தான் இருந்தார். காணாமல்போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதருக்கு அக்கா கொடுத்த வேலை இது!

அப்படியே ஏழு வருடம் ஓடியது. ஹட்டன் ஆஸ்பத்திரி, தலவாக்கலை கல்யாணம், நுவரெலியா கச்சேரி அலுவலகம் என்று வாடகைக்கு ஓடும் ஹயருக்குக் குறைவில்லை. எங்கள் பாதைகளில் ஐம்பதைத் தாண்டி ஓட்ட ஒருவருக்கும் வழியில்லை. அடுத்த வளைவு வந்துவிடும், இல்லாவிட்டால் எதிரில் பஸ் வந்துவிடும். கார் ஒரு நாளும் மச்சானின் காதுக்குப் பிடிக்காத சத்தம் போடவில்லை.

அவருக்கு ஒரே மகள், யூஜினா. ஹட்டனில் ஹோட்டல் கோர்ஸ் படித்தாள். காலையில் முதல் ஹயருக்கு முன் அவளைக் கொண்டுபோய் இறக்கிவிடுவது மச்சானின் வேலை. காருக்குள் ஒருவரையும் ஒரு பிஸ்கட்கூடச் சாப்பிட விடாத மனிதர், மகள் மடியில் தட்டை வைத்து ரொட்டியும் சம்பலும் சாப்பிடும்போது மட்டும் வளைவுகளில் மெதுவாகத் திருப்புவார். கோர்ஸ் முடிந்து துபாயில் ஒரு ஹோட்டலில் அவளுக்கு வேலை கிடைத்தது.

விமானத்துக்குப் போக, எனக்குத் தெரிந்த யோகேஸ்வரனின் புது வேனைப் பேசித் தருகிறேன் என்றேன். யோகேஸ்வரன் வாரம் தவறாமல் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்வருகிறவன். மச்சானோ அதிவேகப் பாதையைப் படத்தில் மட்டும் பார்த்தவர்.

"இத்தன நாளு எம்புள்ளய நாந்தானே கொண்டுபோய் விட்டேன். இந்த ஒரு ஹயருக்கு மட்டும் வேற ஆளா, மாப்புள?" என்றார்.

யோகேஸ்வரனிடம் வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வீடுகளில் தூரம் போகிறவர்களின் நெற்றியில் பெரியவர்கள் பெருவிரலால் சிலுவை போட்டு அனுப்புவார்கள். சிலுவை வாங்காமல் வாசல்படி தாண்டமாட்டோம். அன்று விடிந்ததும் அக்கா போட்டாள், அழுதாள். தாய்மாமன் என்ற முறையில் நானும் போட்டேன். மச்சான் சூட்கேஸை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் போடுங்க" என்றாள் அக்கா.

"நாந்தான் கூடவே வர்றேனே. எயார்போட் வாசல்ல போடுறேன். அங்கதானே பிரியப் போறோம்."

யூஜினாவும் சரியென்று தலையாட்டினாள். நால்வரும் ஏறினோம்.

விமானம் சாயந்தரம்தான். நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் இரவு பெய்த மழையில் கினிகத்தேனைக்குக் கீழே மண் சரிந்து பாதையில் கிடந்தது. பெக்கோ இயந்திரம் வந்து மண்ணை ஒதுக்கி, ஒருபக்க வழி திறக்கும்வரை வரிசையில் கிடந்தோம். அவிசாவளையைத் தாண்டும்போது கையில் இருந்த நேரமெல்லாம் கரைந்துபோயிருந்தது. கொழும்பு நெரிசலுக்குள் மாட்டினால் அவ்வளவுதான். கடுவெலையில் அதிவேகப் பாதையில் ஏறிப் போனால் உரிய நேரத்துக்குப் போய்விடலாம் என்று யூஜினா போனில் பார்த்துச் சொன்னாள்.

கட்டணக் கூண்டில் டிக்கட்டை வாங்கிக்கொண்டு ஏறினோம். அகலமான பாதை, வளைவில்லை, ஏற்றமில்லை, நாய்கூட இல்லை. மச்சான் மெல்ல மெல்ல மிதித்தார். எழுபது. எண்பது. எண்பதைத் தாண்டியதும் கார் கத்தத் தொடங்கியது. நூறைத் தொட்டபோது, இரட்டைப் பாரத்தோடு றம்பொடை ஏற்றம் ஏறுகிற லொறியைப் போல அலறியது. அக்கா பேசியது எனக்குக் கேட்கவில்லை. எஞ்சின் சுற்றை ஆயிரக்கணக்கில் காட்டும் முள் நான்கைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"மாப்புள, என்ன இது?"

"ஹைவேல எல்லா வண்டியும் இப்படித்தான் மச்சான். நூறுல போனா கத்தாம பாட்டா பாடும்?" என்றேன். நான் அந்தப் பாதையில் போனது ஒரே ஒரு தடவை. அதுவும் பஸ்ஸில், தூங்கிக்கொண்டு.

"ஏத்தத்துல கத்துனா நியாயம். சமதரையில ஏன் கத்துது?"

யூஜினா போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். "நாலாயிரம் சுத்துறது சின்ன எஞ்சினுக்குச் சாதாரணம்னு ஒருத்தர் போட்டிருக்காருப்பா."

"பாத்தீங்களா?" என்றேன் நான்.

"இருங்க மாமா. இன்னொருத்தர் அவ்வளவு சுத்தவே கூடாதுன்றாரு. கியர் பொக்ஸக் காட்டுங்கன்றாரு. காருக்குக் கார் வேறயாம்."

மச்சானின் இடது கை கியர் பிடிக்குப் போனது. எஞ்சின் கத்தினால் ஒரு கியர் கூட்டு. இருபது வருடப் பழக்கம் கையைத் தானாகவே கொண்டுபோனது. ஆனால் அங்கே கூட்டுவதற்குக் கியர் இல்லை. பெருவிரல் அந்தச் சின்னப் பட்டனில் பட்டது. சுடுசட்டியைத் தொட்டவர் மாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

வேகத்தைக் குறைத்தால் சத்தம் குறைந்தது. ஆனால் அறுபதில் உருண்டால் நேரத்துக்குப் போய்ச் சேரமுடியாது. மறுபடி மிதித்தால் மறுபடி அலறல். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் எங்களை முறைத்துக்கொண்டு முந்திப்போயின. அவற்றில் ஒன்றிலாவது இந்தச் சத்தம் இல்லை என்பதை நானும் கவனித்தேன். கவனித்ததைச் சொல்லவில்லை.

"அப்பா, கத்துனா கத்தட்டும். இப்படியே போவோம்" என்றாள் யூஜினா.

"நடுவுல எஞ்சின் இறுகி நின்னுட்டா? இதுக்குள்ள ஒரு ஓட்டோகூட வராதேம்மா. ஒன்னோட வேலையே போயிருமே."

கடவத்தையில் வெளியேறினார். கட்டணக் கூண்டைத் தாண்டி, வாடகைக் கார்கள் நிற்கும் ஓரத்தில் நிறுத்திவிட்டு, பொனட்டைத் திறந்தார். எண்ணெய் பார்த்தார், தண்ணீர் பார்த்தார், அங்கே இங்கே அசைத்துப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தன. சும்மா நிற்கும்போது எஞ்சினும் நல்ல பிள்ளையாக முனகிக்கொண்டிருந்தது. மச்சான் கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு எவரிடமும் யோசனை கேட்காமல், பக்கத்தில் நின்ற வாடகைக் காரின் டிக்கியைத் திறக்கச் சொல்லி, சூட்கேஸைத் தன் கையால் தூக்கி அதில் வைத்தார்.

"அந்தோனியம்மா, நீ புள்ளயோட போ. நானும் மாப்புளயும் பின்னால வர்றோம்."

யூஜினா அவர் முன்னால் வந்து நின்று, நெற்றியைக் காட்டிக் குனிந்தாள். மச்சான் கையைத் தூக்கினார். விரலெல்லாம் கறுப்பெண்ணெய். அவள் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள். அவர் கையை இறக்கிக்கொண்டார்.

"கை அழுக்கா இருக்கும்மா. நீ போ. வாசல்ல வந்து போடுறேன்."

"பரவால்லப்பா, போடுங்க."

வாடகைக் காரின் சாரதி நேரமாகிறது என்று ஹோர்ன் அடித்தார். அக்கா அவளைக் கையைப் பிடித்து இழுத்தாள். கார் போய்விட்டது. மச்சான் பொனட்டை மூடினார். இரண்டு தடவை மூடவேண்டியிருந்தது.

கொஞ்சத் தூரத்தில் ஒரு கராஜ் இருந்தது. மச்சான் அரைகுறைச் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். கராஜ் மெக்கானிக் பாஸ் பொனட் பக்கமே போகவில்லை. சாரதி ஆசனத்தில் உட்கார்ந்து மச்சானையும் என்னையும் ஏற்றிக்கொண்டு தெருவில் ஒரு ஓட்டம் ஓட்டினார். கியர் பிடியைப் பார்த்தார். பிறகு அந்தோனியாரைப் பார்த்தார். அவரும் கத்தோலிக்கர் போலிருக்கிறது, முதலில் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பினார். மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதில் மூன்று ஆங்கில எழுத்தில் 'ஓஃப்' என்று இருந்தது. ஏழு வருடமாக இருந்திருக்கிறது!

பெருவிரலால் அந்தப் பட்டனை அமுக்கினார். டிக் என்றது. விளக்கு அணைந்தது.

"ஒங்க வண்டிக்கு நாலு கியர்" என்று சிங்களத்தில் சொன்னார். "நாலாவத மூடி வச்சு மூணுலயே ஓட்டியிருக்கீங்க. மலையில அதுதான் நல்லது, எறக்கத்துல எஞ்சின் புடிக்கும். ஹைவேயில தொறந்து விடணும். எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. நாலாயிரத்துல சுத்துனாலும் சாகாது, கத்தும், அவ்வளவுதான். அப்படியே போயிருந்தாலும் போய்ச் சேந்திருப்பீங்க."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காசு வாங்க மறுத்துவிட்டார். மச்சானின் கையைப் பார்த்து, சவர்க்காரத் தூளும் தண்ணீரும் கொடுத்தார். மச்சான் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினார். ஸ்டிக்கரைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுபடி அதிவேகப் பாதையில் ஏறினோம். எண்பதில் கார் ஒரு சின்ன மூச்சு விட்டது. முள் இறங்கி இரண்டரையில் நின்றது. நூறில் போகிறோம், சக்கரம் தார் மீது உருளும் சத்தம் மட்டும் கேட்கிறது. இந்த வண்டிக்குள் இப்படி ஓர் அமைதி இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம். நல்லதாக ஒரு பகிடி சொல்லலாம் என்று திரும்பினேன். மச்சான் அழுதுகொண்டிருந்தார். லொறிக்காரருக்கே உரிய வகையில், கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல், துடைக்காமல் அழுதார்.

"புள்ள சொன்னா, மாப்புள. கத்தட்டும் போவோம்னு சொன்னா."



விமான நிலைய வாசலில் அக்கா தனியாக நின்றாள். கையில் யூஜினாவின் குடை.

"புள்ள உள்ள போயிட்டா. கவுண்டர் மூடப் போறாங்கன்னு சொன்னாங்க. முடிஞ்ச மட்டும் நின்னு ரோட்டயே பாத்துக்கிட்டு இருந்தா. நாந்தான் போகச் சொன்னேன்."

மச்சான் கண்ணாடிக் கதவுப் பக்கம் நடந்தார். காவலுக்கு நின்றவர் பயண டிக்கட் கேட்டார். மச்சான் கழுவின கையை விரித்துக் காட்டினார். அந்த மனிதருக்கு அதில் என்ன விளங்கும்? பணிவாகத்தான் தடுத்தார்.

நான் யூஜினாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். உடனே வந்தாள். பின்னால் வரிசையாக நாற்காலிகள், பெரிய வெளிச்சம்.

"அப்பா! கார் என்னாச்சு? எங்க நிக்கிறீங்க?"

"வாசல்லதாம்மா. காருக்கு ஒண்ணுமில்ல. ஒரு பட்டன்தான். அப்புறமா மாமாகிட்டக் கேளு, சொல்லுவாரு." போனை இடது கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் குனிம்மா."

அவள் குனிந்தாள். சின்னத் திரை முழுக்க நெற்றியும் வகிடும். மச்சான் பெருவிரலை அதன் மேல் வைத்து, மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். குறுக்குக் கோடு போடுவதற்குள் திரை கறுத்துப்போனது. விரல் கீழே இருந்த சிவப்புப் பட்டனில் பட்டு அழைப்பு அறுந்துவிட்டது.

"மாப்புள, எதையோ அமுக்கிட்டேன்" என்றார். அந்த முகத்தை நான் இதுவரை மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எதையோ உடைத்துவிட்ட பையன் மாதிரி நின்றார். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை முகம் இல்லை, குரல் மட்டும். பின்னால் ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

"பட்டிருச்சுப்பா" என்றாள். "நெத்தியிலதான் பட்டுச்சு. நீங்க பாத்து ஓட்டுங்க. நான் போறேன்."

அது நடந்து இப்போது இரண்டு வருடம். மச்சான் யோகேஸ்வரனுக்குச் சமமாக எயார்போட் ஹயர் ஓடுகிறார். கடுவெலையில் பட்டனை அமுக்குவார், திரும்பி வரும்போது கித்துல்கலையில் வெளியே எடுத்துவிடுவார். அந்தோனியார் இப்போது டாஷ்போர்டின் நடுவில், எந்த விளக்கையும் மறைக்காமல் இருக்கிறார். யூஜினா ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். அடுத்த வருடம் லீவு கிடைக்குமாம்.

அவரோடு ஹயர் போகிறவர்கள் ஒரு குறை சொல்வார்கள். புறப்படும்போது நேரம் கடத்துகிறாராம். போன வாரம் எங்கள் பக்கத்து லயத்து வேலாயியின் மகள் கிருஷாந்தி குவைத்துக்குப் புறப்பட்டாள். நானும் வாசலில் நின்றேன். எல்லோரும் ஏறி, கதவையும் அடைத்தாயிற்று. வேலாயி திருநீற்றுப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

"அத இன்னும் பூசலயாம்மா?" என்றார் மச்சான்.

"அங்க போய் உள்ள போறப்ப பூசிக்கலாம்ணே. இப்பப் பூசுனா வேர்வையில அழிஞ்சிரும்."

மச்சான் சாவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இங்கயே பூசிருங்க. அழிஞ்சா அங்க இன்னொரு தடவ பூசுங்க. நான் நிக்கிறேன்."

வேலாயி முணுமுணுத்துக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தாள். மகள் தலையைக் குனிந்தாள். மச்சான் முன் கண்ணாடி வழியாகப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூசி முடித்ததும் சாவியைப் போட்டார்.